வாயால் குடித்த குளுக்கோஸ், ஊசியில் ஏற்றிய குளுக்கோஸ்: குடல் வெறும் குழாயா?

மாலைநடை | ஜூன் 4, காலை 7.10

சாப்பிடுகிறோம், குளுக்கோஸ் ரத்தத்துக்கு வருகிறது, கணையம் அதைப் பார்த்து இன்சுலின் விடுகிறது. இவ்வளவுதானே கதை? நடுவில் குடல் வெறும் குழாய். குடல் ஹார்மோன், குடல் ஹார்மோன் என்று இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. எடை குறைக்கும் ஊசிகள் வந்த பிறகு ஊதிப் பெரிதாக்கிய விஷயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதுதான் கணக்கு. அது எந்த வழியாக வந்தால் என்ன? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடல்வழி | ஜூன் 4, காலை 9.40

"எந்த வழியாக வந்தால் என்ன" என்பதைச் சோதித்துப் பார்த்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1960 வாக்கில் யாலோ, பெர்சன் என்ற ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். அது கைக்குக் கிடைத்ததும் 1964-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டன. குளுக்கோஸ் குடல் வழியே போனால் எவ்வளவு இன்சுலின் வருகிறது, சிரைவழி ஏற்றினால் எவ்வளவு? சிரைவழி ஏற்றியபோது ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறியும் இன்சுலின் குறைவாகத்தான் வந்தது. குடல் வழியே போனபோது சர்க்கரை குறைவு, இன்சுலின் அதிகம். கணையம் ரத்தத்தை மட்டும் பார்த்து வேலை செய்கிறது என்றால் இப்படி நடக்க வழியே இல்லை.

இன்றைக்கு இதைச் சோதிக்கும் முறை இன்னும் துல்லியம். முதல் நாள், இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுப்பார்கள். நான்கு மணி நேரம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடு வரைந்துகொள்வார்கள். இன்னொரு நாள் அதே ஆள், அதே வெறும் வயிறு. இம்முறை வாயில் ஒன்றும் கிடையாது. ஒரு கையில் 20% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், ஏறும், இன்னொரு கையைச் சூடாக வைத்து அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுப்பார்கள். முதல் நாள் வரைந்த கோட்டின் மேலேயே சர்க்கரை நகரும்படி பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் 20-ஆவது நிமிடத்தில் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். தாண்டினால் அந்த நாள் வீண்.

முடிவில் பம்ப் எவ்வளவு ஏற்றியது என்று கூட்டினால் ஆரோக்கியமான ஆளுக்கு 25 முதல் 30 கிராம்தான் வரும். வாயால் குடித்த 75 கிராம் காட்டிய அதே கோட்டைச் சிரைவழி காட்ட அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் போதும்! இரண்டு நாளும் ரத்தம் கண்ட சர்க்கரை ஒன்றே. ஆனால் வாய்வழி நாளில் வந்த இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் இன்சுலினுக்குக் காரணம் குடலிலிருந்து போன செய்தி. சாப்பாட்டுக்குப் பின் வரும் இன்சுலினில் 50 முதல் 70 சதவீதம் இந்தச் செய்தியால் வருவது என்று பாடநூல்கள் சொல்கின்றன.

பேச்சும் புதிதல்ல. முதல் குடல் ஹார்மோனான செக்ரெட்டினை பேலிஸும் ஸ்டார்லிங்கும் லண்டனில் கண்டது 1902. குடல் சாற்றில் இருந்த, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் பொருளுக்கு லா பார் என்ற பெல்ஜிய அறிஞர் இன்க்ரெட்டின் என்று பெயர் வைத்தது 1932.

குடல்வழி | ஜூன் 4, காலை 10.05

மேலே சொன்ன 50–70% பற்றி ஒரு திருத்தம். கையில் எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் இன்சுலின், கல்லீரல் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சம். கணையம் விட்டதில் ஏறக்குறைய பாதி முதல் சுற்றிலேயே கல்லீரலில் போய்விடுகிறது. கணையம் உண்மையில் எவ்வளவு விட்டது என்று தெரிய வேண்டுமென்றால் சி-பெப்டைடை அளக்க வேண்டும். இன்சுலினோடு ஒன்றுக்கு ஒன்று என்று அது வெளிவரும், கல்லீரல் அதைத் தொடுவதில்லை. சி-பெப்டைடை வைத்துக் கணக்கிட்டால் குடலின் பங்கு இன்சுலின் கணக்கைவிடக் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் பாதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்காவது சதவீதம் படித்தால் எதை அளந்து சொன்னது என்று பாருங்கள்.

மாலைநடை | ஜூன் 4, பகல் 1.20

சரி, சோதனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்புக்கு இது எதற்கு? ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் கணையம் வேலையைத் தொடங்கினால் போதாதா?

குடல்வழி | ஜூன் 4, மாலை 6.30

போதாது. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம், 100 மில்லிக்கு 100 மி.கி. சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 கிராம். ஒரு தேக்கரண்டி. நீங்கள் குடிக்கும் 75 கிராம் இதைப்போல் 15 மடங்கு. ரத்தத்தில் ஏறிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று கணையம் உட்கார்ந்திருந்தால், இன்சுலின் வெளிவந்து, தசையும் கல்லீரலும் அதற்கு இணங்கி வேலையைத் தொடங்குவதற்குள் வெள்ளம் தலைக்கு மேல் போய்விடும். முன்கூட்டியே ஒரு ஆள் தகவல் சொல்ல வேண்டும். வருவது எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளும் இடம் குடலின் உட்சுவர்.

அந்தச் சுவரில் ஹார்மோன் விடும் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. முன்சிறுகுடலில் கே-செல்கள், அவை விடுவது ஜிஐபி. கீழே கடைச்சிறுகுடலிலும் பெருங்குடலிலும் எல்-செல்கள், அவை விடுவது ஜிஎல்பி-1. இரண்டும் கணையத்துக்குப் போய் இன்சுலினைத் தூண்டுகின்றன.

செல்லுக்குச் சர்க்கரை வந்தது எப்படித் தெரிகிறது என்பது இதில் அழகான பகுதி. குளுக்கோஸைக் குடலிலிருந்து உள்ளே இழுக்கும் பம்பின் பெயர் எஸ்ஜிஎல்டி-1. ஒரு குளுக்கோஸை இழுக்கும்போது கூடவே இரண்டு சோடியம் அயனிகளையும் இழுத்துக்கொண்டு வரும். சோடியம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது உள்ளே வந்ததும் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் நுழைகிறது, ஹார்மோன் நிரம்பிய பைகள் திறக்கின்றன. உறிஞ்சும் செயலேதான் செய்தி அனுப்பும் செயலும். தனியாக ஒரு காவல்காரன் தேவையில்லை.

கொழுப்பு, புரதம், பித்தநீர், நார்ச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது வரும் சிறு கொழுப்பு அமிலங்கள், ஒவ்வொன்றுக்கும் இந்தச் செல்களில் தனித்தனி ஏற்பிகள் உண்டு. மாவுச்சத்தோடு வேறு என்ன சாப்பிட்டோம் என்பதால் சர்க்கரை மாறுவதற்கு இது ஒரு காரணம்.

சோதனைக்குழாய் | ஜூன் 4, இரவு 9.15

ஒன்று இடிக்கிறது. எல்-செல் கடைச்சிறுகுடலில் இருக்கிறது என்கிறீர்கள். குளுக்கோஸ் குடித்து 10–15 நிமிடத்தில் ஜிஎல்பி-1 ஏறுவதை ஆய்வகத்தில் பார்க்கிறோம். அதற்குள் கரைசல் அவ்வளவு தூரம் போயிருக்காது.

குடல்வழி | ஜூன் 5, காலை 8.00

சரியான இடத்தில் பிடித்தீர்கள். "மேலே கே, கீழே எல்" என்று நான் கோடு போட்டது பழைய படம். எல்-செல்கள் மேற்பகுதியிலும் இருக்கின்றன, எண்ணிக்கைதான் குறைவு. கீழே போகப் போக அடர்த்தி கூடும். இரண்டு ஹார்மோனையும் ஒன்றாக வைத்திருக்கும் செல்களும் உண்டு. முதல் 15 நிமிடத்து ஏற்றம் மேலே இருப்பவற்றின் வேலை.

இதில் வேகத்தின் பங்கு பெரிது. இரைப்பை தன்னிடம் உள்ளதை மொத்தமாகக் கொட்டாது, நிமிடத்துக்கு 1 முதல் 4 கிலோகலோரி என்ற அளவில் முன்சிறுகுடலுக்கு விடும். ஆளுக்கு ஆள் இது நான்கு மடங்கு வரை வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். குளுக்கோஸை நேராக முன்சிறுகுடலுக்குள் குழாய் வழியே விட்டுப் பார்த்த சோதனைகளில், நிமிடத்துக்கு 1 கிலோகலோரி போனால் ஜிஐபி ஏறுகிறது, ஜிஎல்பி-1 அசைவதில்லை. 2-ஐத் தாண்டினால்தான் ஜிஎல்பி-1 நன்றாக ஏறுகிறது. மெதுவாக வந்தால் மேல்பகுதியே எல்லாவற்றையும் உறிஞ்சி முடித்துவிடுகிறது. வேகமாக வந்தால் மிச்சம் கீழே வழிந்து எல்-செல்கள் நிறைய இருக்கும் இடத்தைத் தொடுகிறது.

ஏறிய ஜிஎல்பி-1 திரும்பி வந்து இரைப்பையைப் பார்த்து மெதுவாக விடு என்கிறது. வேகம் கூடினால் தானே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. சிசிகே, பிஒய்ஒய் என்று வேறு இரண்டு குடல் ஹார்மோன்களும் இதே பக்கம் இழுக்கின்றன. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையின் உச்சம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரைப்பை காலியாகும் வேகத்தால் வருவது. இன்சுலினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இரைப்பையின் வாசலுக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டும்.

சோதனைக்குழாய் | ஜூன் 5, காலை 11.30

அளப்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், இதில் தப்பு நடக்கும் இடங்கள் நிறைய.

ஜிஎல்பி-1 ரத்தத்தில் முழுதாக இருக்கும் காலம் அரை ஆயுள் கணக்கில் ஏறக்குறைய 2 நிமிடம். ஜிஐபிக்கு 5 முதல் 7 நிமிடம். வெட்டுவது டிபிபி-4 என்ற நொதி. ஜிஎல்பி-1 முப்பது அமினோ அமிலங்களின் சரம், அதன் முனையில் இருக்கும் முதல் இரண்டை மட்டும் இது கத்தரிக்கிறது. அந்த இரண்டு போனதும் இன்சுலினைத் தூண்டும் திறன் போய்விடுகிறது.

அதனால் சாதாரணக் குழாயில் ரத்தம் எடுத்து மேசையில் வைத்தால், நீங்கள் பேசி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் நொதி தன் வேலையை முடித்துவிடும். செய்ய வேண்டியது: ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ உள்ள குழாயில் டிபிபி-4 தடுப்பானை முன்பே போட்டு, பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும். ரத்தம் விழுந்ததும் மெல்லத் தலைகீழாக்கிக் கலக்கித் திரும்பவும் பனிக்கட்டிக்கு. அரை மணிக்குள் குளிர்ந்த மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைத்து அளக்கக் கூடாது.

அடுத்து, எதை அளக்கிறோம்? "முழுதான" ஜிஎல்பி-1 வேறு, வெட்டுப்பட்டதையும் சேர்த்த "மொத்த" ஜிஎல்பி-1 வேறு. செல்கள் எவ்வளவு விட்டன என்று தெரிய மொத்தத்தை அளக்க வேண்டும். முழுதானதை மட்டும் அளந்து, சாப்பிட்டும் ஏறவே இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் மொத்தமே லிட்டருக்கு 5–10 பிக்கோமோல், சாப்பிட்ட பின் 20–40. இவ்வளவு சின்ன அளவில் சில கிட்டுகள் தடுமாறும். சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானும் ஜிஎல்பி-1-உம் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை, ஆகவே ஒன்றைப் பிடிக்க வைத்த எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பிடிக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

மாலைநடை | ஜூன் 5, பகல் 2.05

இரண்டு நிமிடத்தில் வெட்டுப்பட்டால் கணையம் வரை எப்படிப் போய்ச் சேர்கிறது?

குடல்வழி | ஜூன் 5, பகல் 3.40

பெரும்பகுதி போய்ச் சேருவதில்லை. டிபிபி-4 குடலின் மயிரிழை ரத்தக்குழாய்ச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கிறது. செல் விட்ட ஜிஎல்பி-1-இல் பாதிக்கு மேல் குடலை விட்டு வெளியேறும் முன்பே வெட்டுப்படுகிறது, கல்லீரலில் இன்னொரு பங்கு போகிறது, பொது ரத்த ஓட்டத்துக்கு முழுதாக வருவது 10–15 சதவீதம்தான். ஆகவே ஜிஎல்பி-1 தன் வேலையில் ஒரு பகுதியைப் பிறந்த இடத்திலேயே, குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் முனைகளைத் தொட்டு முடித்துவிடுகிறது என்ற கருத்து வலுவாக இருக்கிறது. நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்கிறது, அங்கிருந்து இரைப்பைக்கும் கணையத்துக்கும் சேதி போகிறது. ரத்தத்தில் அளந்த எண்ணை மட்டும் வைத்து இந்த ஹார்மோனின் பலத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குடல்வழி | ஜூன் 5, இரவு 8.50

ஐந்து கிராம் கணக்குக்குத் திரும்பி வருகிறேன், அதில் ஒரு ஓட்டை. குளுக்கோஸ் ரத்தத்துக்குள் மட்டும் நிற்பதில்லை, செல்களுக்கு வெளியே உள்ள திரவம் முழுக்கப் பரவுகிறது. அது ஏறக்குறைய 14 லிட்டர். அப்படிப் பார்த்தால் இருப்பு 14 கிராம் பக்கம் வரும், 75 கிராம் அதைப்போல் ஐந்து மடங்கு சொச்சம். 15 மடங்கு என்றது மிகை. வாதம் அப்படியே நிற்கிறது, எண் மட்டும் தப்பு.

இன்னொரு விட்டுப்போன விஷயமும் உண்டு. வாய்வழி 75, சிரைவழி 25–30 என்ற வித்தியாசம் முழுவதும் ஹார்மோனால் வந்தது என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. குடலிலிருந்து வரும் குளுக்கோஸ் நேராகக் கல்லீரல் வாயில்சிரை வழியே போகிறது. அந்த வழியாக வரும்போது கல்லீரல் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கையில் ஏற்றும்போது அந்தச் சலுகை கிடையாது.

சோதனைக்குழாய் | ஜூன் 6, காலை 7.45

தாழ்சர்க்கரை பற்றி யாராவது எழுதுங்கள். குடல் ஹார்மோன் இன்சுலினைத் தூண்டும் என்று படித்ததும் பலர் பயப்படுவது அதைத்தான்.

குடல்வழி | ஜூன் 6, காலை 9.30

பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் பொதுவாக நினைக்கும் இடம் அதுவல்ல.

கணையத்தில் இன்சுலின் விடும் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் போய் எரிந்து, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகிறது. ஏடிபி கூடினால் பொட்டாசியம் வாசல் மூடுகிறது, மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் நுழைகிறது, இன்சுலின் வெளியேறுகிறது. ஜிஎல்பி-1 வந்து செய்வது, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை ஏற்றி, கால்சியம் நுழையும்போது வெளியேறும் இன்சுலினைப் பெருக்குவது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் பொட்டாசியம் வாசல் திறந்தே கிடக்கும், கால்சியம் வராது. பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இந்தப் பூட்டு இருப்பதால் ஜிஎல்பி-1 மட்டும் தனியாக ஆளைத் தாழ்சர்க்கரைக்குத் தள்ளுவது அரிது.

பூட்டை உடைப்பது சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரைகள். சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் பொட்டாசியம் வாசலை வலுக்கட்டாயமாக மூடுவதுதான் அவற்றின் வேலை. அதோடு ஜிஎல்பி-1 போல வேலை செய்யும் ஊசியும் சேர்ந்தால், தாழ்ந்த சர்க்கரையிலும் கால்சியம் வரும், அதை ஜிஎல்பி-1 பெருக்கும். ஊசியைத் தொடங்கும்போது மருத்துவர் சல்ஃபோனில்யூரியா அளவைக் குறைப்பது இதனால்தான். ஏற்கனவே இன்சுலின் போடுபவர்களுக்கும் அதே எச்சரிக்கை.

குளுக்ககானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும் ஹார்மோன் அது. சாப்பிட்டதும் அடங்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் அடங்காமல் நிற்கிறது, ஆக வெளியிலிருந்தும் சர்க்கரை வருகிறது, உள்ளிருந்தும் வருகிறது. ஜிஎல்பி-1 சர்க்கரை ஏறியிருக்கும்போது குளுக்ககானை அடக்குகிறது. ஜிஐபி நேர் எதிர்: சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது குளுக்ககானை ஏற்றிவிடுகிறது.

மாலைநடை | ஜூன் 6, பகல் 12.10

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோன்கள் சுரப்பதே இல்லையா?

குடல்வழி | ஜூன் 6, மாலை 5.15

சுரப்பில் பெரிய குறை இல்லை, கேட்பவரிடம்தான் குறை. நவுக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஜெர்மனியில் 1986-இல் மேலே சொன்ன இரண்டு நாள் சோதனையை இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் செய்து, குடலின் பங்கு வெகுவாகச் சுருங்கிவிட்டதைக் காட்டினார்கள். 1993-இல் இரண்டு ஹார்மோன்களையும் தனித்தனியே ஏற்றிப் பார்த்தார்கள். ஜிஐபிக்குப் பீட்டா செல் ஏறக்குறையச் செவிடாகிவிட்டது. ஜிஎல்பி-1-க்கு இன்னும் பதில் சொல்கிறது, ஆனால் இயல்பைவிட அதிக அளவில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மருந்துகள் எல்லாம் இந்தக் கதவு வழியே வந்தவை. முதல் வழி, டிபிபி-4-ஐத் தடுப்பது. 2006-இல் வந்த சிட்டாகிளிப்டின் அந்த வகை. உங்கள் சொந்த ஜிஎல்பி-1 வெட்டுப்படாமல் இரண்டு மூன்று மடங்கு ஆகும், அதற்கு மேல் போகாது. இரண்டாவது வழி, வெட்டுப்படாத போலியை வெளியிலிருந்து கொடுப்பது. கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கிடைத்த எக்செண்டின்-4-ஐ ஜான் எங் 1992-இல் விவரித்தார், அதன் செயற்கை வடிவம் எக்செனடைட் 2005-இல் மருந்தாக வந்தது. செமாகுளுடைட் என்ற மருந்தில் டிபிபி-4 வெட்டும் இடத்தில் இருக்கும் அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி, கூடவே ஒரு கொழுப்பு அமில வாலைக் கட்டி ரத்தப் புரதமான ஆல்புமினோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் ஒரு வாரமாக நீண்டது அப்படித்தான்.

சிட்டாகிளிப்டின் போன்ற மாத்திரையும் ஜிஎல்பி-1 ஊசியும் சேர்த்து எடுப்பதில் பயன் இல்லை. ஊசிதான் ஏற்கனவே வெட்டுப்படாததாயிற்றே, வெட்டுவதைத் தடுத்து என்ன ஆகப்போகிறது.

குடல்வழி | ஜூன் 6, மாலை 5.40

ஜிஐபி செவிடு என்று எழுதிவிட்டு, 2022-இல் வந்த டிர்செபடைட் என்ற மருந்து ஜிஐபி ஏற்பியையும் தூண்டுகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சர்க்கரை நன்றாகக் குறைந்த பிறகு பீட்டா செல்லுக்கு ஜிஐபியைக் கேட்கும் திறன் ஓரளவு திரும்புகிறது. செவிட்டுத்தன்மையில் ஒரு பங்கு உயர்சர்க்கரையின் விளைவு என்று இதற்குப் பொருள். ஆகவே "செவிடு" என்ற சொல்லை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாலைநடை | ஜூன் 7, காலை 6.50

மருந்தை விடுங்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்கிறார்களே, அதுவும் இந்த வழிதானா? வீட்டில் குளுக்கோமீட்டரை வைத்துச் சோதிக்கலாமா?

குடல்வழி | ஜூன் 7, காலை 10.20

அதே வழிதான். கொழுப்பும் புரதமும் முன்னால் போய்க் குடல் செல்களைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. இரைப்பை வாசல் குறுகிய பிறகுதான் மாவுச்சத்து வந்து சேர்கிறது. 2015-இல் நியூயார்க்கில் 11 நீரிழிவுக்காரர்களிடம் ஒரே உணவை இரண்டு வரிசைகளில் கொடுத்தார்கள். மாவுச்சத்தை 15 நிமிடம் பின்னால் தள்ளியதும் ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் அளவு குறைந்தது. 2014-இல் இன்னொரு சோதனையில் மாவுச்சத்துள்ள உணவுக்கு முன் 50 கிராம் வே புரதம் (பாலில் இருந்து எடுப்பது) கொடுத்ததில் சர்க்கரையின் மொத்த ஏற்றம் 28 சதவீதம் குறைந்தது. சிறிய சோதனைகள்தான், ஆனால் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

வீட்டில் செய்யலாம், கவனமாகச் செய்தால். இரண்டு நாளும் ஒரே வேளை, ஒரே உணவு, தராசில் நிறுத்த ஒரே எடை. கண்ணளவில் போட்டால் சோதனை அப்போதே கெட்டது. முந்தைய வேளையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் முன்பு சாப்பிட்டது அடுத்த வேளையின் சர்க்கரையைக் குறைக்கும் விளைவு உண்டு. சாப்பிட்ட பின் நடப்பதென்றால் இரண்டு நாளும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாளும் உட்கார வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும். கடிகாரம் ஓட வேண்டியது முதல் வாய் வைத்த நொடியிலிருந்து, முடித்த நேரத்திலிருந்து அல்ல. 0, 30, 60, 90, 120, 180 நிமிடம் என்று ஆறு அளவு.

தேறிய மீட்டருக்கே 100-க்கு மேல் ±15 சதவீதப் பிழைக்கு இடம் உண்டு. 150-க்கும் 140-க்கும் நடுவே வித்தியாசம் கண்டதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிசையையும் மூன்று நாளாவது திரும்பச் செய்து சராசரி பாருங்கள்.

சோதனைக்குழாய் | ஜூன் 7, காலை 11.00

180-ஐ விடாதீர்கள் என்று நானும் சொல்கிறேன். கொழுப்பை முன்னால் சாப்பிட்டால் உச்சம் குறைவதைவிடத் தள்ளிப்போவதுதான் அதிகம். 60-இல் குறைந்தது என்று மகிழ்ந்து நிறுத்தினால் 120-க்குப் பின் ஏறுவதைப் பார்க்காமல் போவோம். கையில் ஒட்டும் தொடர் அளவி வைத்திருப்பவர்கள், அது ரத்தத்தைவிட 5–15 நிமிடம் பின்தங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குடல்வழி | ஜூன் 7, பகல் 1.30

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். உணவுக்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போடுபவர்கள் வரிசையைத் தாங்களாக மாற்றக் கூடாது. இன்சுலின் தன் நேரத்துக்கு உச்சத்துக்குப் போகும், மாவுச்சத்து இன்னும் இரைப்பையில் இருக்கும். முதல் மணியில் தாழ்சர்க்கரை, மூன்றாவது மணியில் உயர்சர்க்கரை. நீண்டநாள் நீரிழிவில் இரைப்பை தானே மந்தமாகிவிட்டவர்களுக்கும் இதே பாடு. ஊசி நேரத்தை மருத்துவரோடு பேசி மாற்றிய பிறகுதான் வரிசையில் கை வைக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை இரைப்பை மாற்றுவழி அறுவைக்குப் பின் பார்க்கலாம். வாசலே இல்லை, உணவு நேராகக் குடலுக்குள் விழுகிறது, ஜிஎல்பி-1 பல மடங்கு பாய்கிறது. நீரிழிவு வேகமாகச் சீராவதற்கு அது ஒரு காரணம். சிலருக்கு அதே பாய்ச்சல் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று தாழ்சர்க்கரையாக முடிகிறது. இனிப்புப் பானம் குடித்துச் சமாளித்தால் அடுத்த சுற்றும் தொடங்கும். இவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் சோதனை கொடுப்பது நல்லதல்ல.

மாலைநடை | ஜூன் 7, இரவு 8.30

சர்க்கரை இல்லாத இனிப்பூட்டிகள் குடல் செல்களை ஏமாற்றுமா?

குடல்வழி | ஜூன் 7, இரவு 9.05

செல்தட்டில் வளர்த்த செல்களில் ஏமாறுகின்றன. மனிதரின் இரைப்பைக்குள் சுக்ரலோஸை விட்டுப் பார்த்தபோது ஜிஎல்பி-1-உம் ஏறவில்லை, ஜிஐபியும் ஏறவில்லை. பம்ப் எதையும் இழுக்கவில்லை, அதனால் செய்தியும் இல்லை.

அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை இதற்கு நேர் எதிர். மாவுச்சத்தை உடைக்கும் நொதியைக் குடலில் தடுக்கிறது. மேலே உறிஞ்சப்படாதது கீழே போய் எல்-செல்களைத் தொடுவதால் ஜிஎல்பி-1 நீண்ட நேரம் நிற்கிறது. இன்சுலினோ சல்ஃபோனில்யூரியாவோ கூட எடுக்கும் ஒருவருக்கு இதன் நடுவே தாழ்சர்க்கரை வந்தால் சாதாரணச் சர்க்கரை கைகொடுக்காது, அதை உடைக்கும் நொதியும் தடுபட்டிருக்கிறது. குளுக்கோஸ் மாத்திரையோ குளுக்கோஸ் தூளோதான் தர வேண்டும்.

மாலைநடை | ஜூன் 8, காலை 7.00

என் முதல் பதிவில் இருந்த "வெறும் குழாய்" என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. சாப்பிட முடியாமல் மருத்துவமனையில் இருப்பவர்களுக்குச் சத்துத் திரவத்தைச் சிரைவழி ஏற்றுகிறார்கள், சிலருக்குக் குழாய் வழி குடலுக்குள் விடுகிறார்கள். அங்கேயும் இந்த வித்தியாசம் தெரியுமா?

குடல்வழி | ஜூன் 8, காலை 9.50

தெரியும். சிரைவழிச் சத்துத் திரவம் ஏறுபவர்களுக்கு உயர்சர்க்கரை வருவது குழாய் வழி ஊட்டப்படுபவர்களைவிட அதிகம். ஒரே கலோரி, ஆனால் குடலின் செய்தி இல்லை.

குழாயிலும் இரண்டு விதம். இரைப்பையில் முடிந்தால் வாசல் தன் வேலையைச் செய்யும். சிறுகுடலில் முடிந்தால் வாசலைத் தாண்டியாயிற்று, இரைப்பையின் வேலையைப் பம்ப் செய்ய வேண்டும். மில்லிக்கு 1 கிலோகலோரி உள்ள திரவம் மணிக்கு 60 மில்லி போனால் நிமிடத்துக்கு 1 கிலோகலோரி, இரைப்பை விடும் அளவின் கீழ்முனை அது. மணிக்கு 120 என்றால் 2. நான் முன்பு சொன்ன 2 என்ற எல்லை வெறும் குளுக்கோஸுக்கு, கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம். சிறுகுடலில் இருக்கும் குழாய்க்குள் சிரிஞ்சால் ஒரே தள்ளாகத் தள்ளினால் வயிற்றுப்போக்கு, படபடப்பு, பிறகு தாழ்சர்க்கரை என்று இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு வரும் அதே பாடு வரும். சிறுகுடலுக்குப் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது அதனால்தான்.

சோதனைக்குழாய் | ஜூன் 8, காலை 10.25

அதோடு இன்சுலினும் ஓடிக்கொண்டிருந்தால் குழாய் அடைபட்டதா, பிடுங்கப்பட்டதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஊட்டம் நின்றும் இன்சுலின் நிற்கவில்லை என்றால் ஒரு மணிக்குள் சர்க்கரை சரியும். ஊட்டம் நின்றவுடன் அதே வேகத்தில் 10% டெக்ஸ்ட்ரோஸைச் சிரைவழி ஓடவிட்டு, மணிக்கொருமுறை அளந்துகொண்டே குழாயைச் சரிசெய்வார்கள்.